சயாமுக்குப் போனவர்களும் நான் படித்த நாவல்களும்



பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரம். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், குடும்பத்தோடு தாய்லாந்து சென்று வந்த அனுபவத்தை வகுப்பில் சொன்னான். காஞ்சனபுரியில் குவாய் நதிப் பாலத்தின் மீது நடந்தானாம். இரயிலிலும் ஏறிச் சென்றானாம். "அந்த இரயில் பாதையை யார் கட்டினார்கள் தெரியுமா?" என்று கேட்டேன். "வெள்ளைக்காரக் கைதிகள், டீச்சர். அவர்களுக்குப் பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் பெயர் எழுதியிருக்கிறது" என்றான்.

அவன் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதியை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பாலத்தைப் பார்க்க வரும் சுற்றுப்பயணிகளுக்கும் பெரும்பாலும் அது தெரிவதில்லை. அந்த மீதிப் பாதி நம்மவர்களைப் பற்றியது.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைக் களமாகக் கொண்ட நாவல்களை அண்மையில் தொடர்ந்து படித்தேன். மூன்று ஆங்கில நாவல்கள். பிறகு நம் நாட்டுத் தமிழ் நாவல்கள். அவற்றைப் பற்றிய என் கருத்துகளை ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறேன். நான் திறனாய்வாளர் அல்லள்; தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆகவே எல்லா நாவல்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே படித்தேன். இதில் நம்மவர் எங்கே?

வரலாறு சொல்வது

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்து பர்மாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், அங்கிருந்த தங்கள் படைகளுக்குத் தளவாடங்கள் அனுப்பத் தரைவழி ஒன்றைத் தேடினர். கடல்வழி நேச நாட்டுக் கப்பல்களின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இல் தொடங்கிய இரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலையும் காடும் மழையும் நிறைந்த நிலத்தில், பெரும்பாலும் மனிதக் கைகளாலேயே அமைக்கப்பட்ட பாதை அது.

அந்தக் கைகள் யாருடையவை? பிரிட்டிஷ், டச்சு, ஆஸ்திரேலிய, அமெரிக்கப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தச் செய்தியை உலகம் அறியும். இவர்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தனர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என ஏறத்தாழ 200,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். ஜப்பானியர் அவர்களை ரோமுஷா என்று அழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் ஏறத்தாழ 90,000 என்பது பலரும் கூறும் மதிப்பீடு.

மதிப்பீடு என்ற சொல்லைக் கவனியுங்கள். போர்க்கைதிகளின் சாவுக்குப் பட்டியல் இருக்கிறது. நம்மவர் சாவுக்கு மதிப்பீடுதான் இருக்கிறது.

போரினால் இரப்பர் ஏற்றுமதி நின்றுபோயிற்று, தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். சரக்கு இரயில் பெட்டிகளில் அடைத்து, பான்போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்கவைத்தார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது மருத்துவர் இல்லாத தொழிலாளர் முகாம்களில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாலத்தைப் புகழடையச் செய்த கதை

இந்தப் பாதையை உலகம் அறியக் காரணமாக இருந்ததே ஒரு நாவல்தான். பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952இல் எழுதிய குவாய் நதிப் பாலம் பற்றிய நாவல், 1957இல் டேவிட் லீன் இயக்கத்தில் திரைப்படமாகியது. படப்பிடிப்பு நடந்தது இலங்கைக் காட்டில்.

பியேர் பூல் போருக்கு முன் மலாயாவில் இரப்பர்த் தோட்டத்தில் பணியாற்றியவர். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்ற தமிழ்த் தொழிலாளர்களை அவர் பார்த்திருப்பார். ஆயினும் அவர் எழுதிய கதை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் பிடிவாதத்தைப் பற்றியதாகவே அமைந்தது. எழுத்தாளருக்குத் தம் விருப்பப்படி கதை எழுத உரிமை உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு என் மாணவன் வகுப்பில் சொன்ன விடைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாவலுக்கு அவ்வளவு வலிமை உண்டு என்பதை ஆசிரியர்களாகிய நாம் உணர வேண்டும்.

ஆஸ்திரேலியர் எழுதிய இரயில்

முதலில் படித்தது ரிச்சர்ட் ஃபிளனகன் எழுதிய 'தி நேரோ ரோட் டு தி டீப் நார்த்'. 2013இல் வெளிவந்து 2014இல் புக்கர் பரிசு பெற்றது. ஆசிரியரின் தந்தையே இந்த இரயில் பாதையில் போர்க்கைதியாக வேலை செய்தவர். டோரிகோ எவன்ஸ் என்னும் இராணுவ மருத்துவர் கதைத்தலைவர். மருந்தும் கருவியும் இல்லாத முகாமில், தம் ஆட்களைக் காக்க அவர் நாள்தோறும் ஜப்பானிய அதிகாரியோடு போராடுகிறார். இன்று எத்தனை நோயாளிகள் வேலைக்கு வரவேண்டும் என்று இருவரும் பேரம் பேசும் பகுதிகளைப் படிக்கும்போது என் கை நடுங்கியது.

இந்த நாவலின் பெருமை, ஜப்பானிய அதிகாரி நக்கமுராவின் மனத்துக்குள்ளும் அது நுழைவதுதான். கொடுமை செய்தவன் தன்னை நல்லவன் என்றே நம்புகிறான். போருக்குப் பின் சாதாரணக் குடும்பத் தலைவனாக வாழ்ந்து முடிகிறான். இதைப் படித்தபின் கொடியவன் என்ற ஒரே சொல்லால் எவரையும் அளந்துவிட முடியாது என்று தோன்றியது.

குறைகளும் உண்டு. காதல் கதை தேவைக்கு மேல் நீள்கிறது. இறுதியில் வெளிப்படும் உறவுத் தற்செயல்கள் திரைப்படத்தை நினைவூட்டுகின்றன. என் கேள்விக்கு விடை? தமிழர்கள் இந்நாவலில் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். இலட்சக்கணக்கான ஆசியத் தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பது எவருக்கும் தெரியாது என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி. ஆனால் அவர்களுள் ஒருவருக்கும் டோரிகோவைப் போல ஒரு வாழ்க்கை கிடைக்கவில்லை. அவர் தம் தந்தையின் கதையை எழுதினார். நம் தாத்தாக்களின் கதையை அவர் எழுதவில்லை என்று கோபிப்பது முறையாகாது.

கோலாலம்பூர்க் குடும்பத்தின் கதை

அடுத்தது நம் நாட்டைச் சேர்ந்த வனெசா சான் எழுதிய 'தி ஸ்டோர்ம் வீ மேட்'. 2024 தொடக்கத்தில் வெளிவந்தது. கோலாலம்பூரில் வாழும் யுரேசியப் பெண் செசிலி, பிரிட்டிஷாரின் இனத் திமிரை வெறுத்து, ஆசியா ஆசியருக்கே என்ற பேச்சில் மயங்கி, ஜப்பானிய உளவாளிக்கு உதவுகிறாள். போர் வந்தபின் அவளுடைய மகன் ஏபல் காணாமல் போகிறான். தானே வரவழைத்த புயல் தன் வீட்டுக் கூரையைப் பிரிப்பதைத் தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படிக்க விறுவிறுப்பான நாவல். வில்லன் ஒருவனைக் காட்டிவிட்டு ஒதுங்காமல், நம் வீட்டிலிருந்தே தவறு தொடங்கலாம் என்று சொல்லும் துணிவு எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு நேரும் கொடுமைகளை அடுக்கிக்கொண்டே போவது மட்டும் ஒரு கட்டத்தில் மனத்தை மரத்துப்போகச் செய்கிறது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய வரலாற்றுக் குறிப்புகள் இரண்டு.

முதலாவது, ஏபல் இரயில் பாதை முகாமுக்குக் கொண்டு செல்லப்படுவது 1945இல். பாதை அமைக்கும் பெரும்பணி 1943 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகும் பராமரிப்புக்கும், குண்டுவீச்சில் சிதைந்த இடங்களைச் செப்பனிடுவதற்கும் ஆட்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். ஆகவே கதை நடக்கவே முடியாததன்று. ஆயினும் நாவலை மட்டும் படிக்கும் மாணவர், பாதை 1945இல்தான் கட்டப்பட்டது என்று எண்ணிவிடக் கூடும்.

இரண்டாவது, அந்த உளவாளியின் பெயர் ஃபுஜிவாரா. வரலாற்றில் இதே பெயர் கொண்ட மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சி, பிரிட்டிஷ் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களைத் தம் பக்கம் திருப்பியவர். 1942 பிப்ரவரி 17ஆம் நாள் சிங்கப்பூர் ஃபாரர் பூங்காவில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் அவரிடம்தான் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய இராணுவம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின், நம் தோட்டங்களிலிருந்து இளைஞர்களும் பெண்களும் அந்தப் படையில் சேர்ந்தனர். சயாமுக்குப் பிடித்துச் செல்லப்படுவதிலிருந்து தப்பவே சேர்ந்தவர்களும் உண்டு.

ஒரே தோட்டத்தில் ஒருவருக்கு ஜப்பானியர் விடுதலை வாக்குறுதி தந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரைச் சரக்கு இரயிலில் ஏற்றினார்கள். ஆசியா ஆசியருக்கே என்ற சொல்லின் இரண்டு முகத்தையும் ஒரே லயத்தில் கண்டவர்கள் நம்மவர்கள். செசிலியின் மனப் போராட்டத்தைப் படித்தபோது, இதற்குச் சமமான, இதைவிடச் சிக்கலான கதை நம் தோட்டங்களில் எழுதப்படாமல் கிடக்கிறதே என்ற ஏக்கம் உண்டாயிற்று.

பேசாமல் இருந்த பாட்டி

மூன்றாவது, சிங்கப்பூர் எழுத்தாளர் ஜிங்-ஜிங் லீ 2019இல் வெளியிட்ட 'ஹவ் வீ டிஸ்அப்பியர்ட்'. இது இரயில் பாதையைப் பற்றிய நாவலன்று. 1942இல் கம்பத்து வீட்டிலிருந்து ஜப்பானியரால் பிடித்துச் செல்லப்பட்டு, இராணுவத்தினருக்கான விடுதியில் அடைக்கப்பட்ட வாங் டி என்னும் சீனப் பெண்ணின் கதை. 2000ஆம் ஆண்டில் அவள் முதியவள். பழைய அட்டைப்பெட்டிகளைச் சேகரித்துப் பிழைக்கிறாள். தனக்கு நடந்ததைக் கணவரிடம்கூட அவள் மனம்விட்டுப் பேசியதில்லை. கணவரும் தம் கதையைச் சொல்லவில்லை. அவர் இறந்தபின்தான் கேட்காமல் விட்டோமே என்று வருந்துகிறாள். மறுபுறம் கெவின் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் பாட்டி மரணப்படுக்கையில் உளறிய இரகசியத்தின் பின்னால் ஓடுகிறான்.

மூன்றில் என்னை மிகவும் பாதித்தது இதுதான். போர்க்களம் இல்லை, பெரிய வசனம் இல்லை. பேசினால் அவமானம் என்று ஐம்பது ஆண்டுகள் வாய் மூடியிருந்த ஒருத்தி இருக்கிறாள். இரு கதைகளும் இறுதியில் மிகவும் ஒழுங்காகப் பொருந்திவிடுவது மட்டும் எனக்கு நம்பகமாக இல்லை. வாழ்க்கையில் இப்படிப்பட்ட தேடல்கள் பெரும்பாலும் பாதியில் அறுந்துதான் போகின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு குறிப்பு. இம்மூன்றும் பெரியவர்களுக்கான நாவல்கள். கொடுமைக் காட்சிகள் நிறைந்தவை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்து, அவர்களுக்கு ஏற்றவாறு எடுத்துச் சொல்லுங்கள்.

நம்மவர் எழுதியவை

இனி நம் வீட்டுக்கு வருவோம். சயாம் இரயில் பாதையைப் பற்றி மலேசியத் தமிழர்கள் எழுதவில்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலேயே வந்துவிட்டது. அடுத்து அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. அண்மைக் காலத்தில் கோ. புண்ணியவானின் 'கையறு'. இவர்களுள் ரெங்கசாமியும் புண்ணியவானும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்பது நமக்குப் பெருமை. கையறுநிலை என்பது, இறந்துபட்ட தலைவனை எண்ணி வருந்திப் பாடும் பழைய புறத்துறை. அரசர்களுக்கும் வள்ளல்களுக்கும் பாடப்பட்ட அந்த இரங்கலைப் பால்மரம் சீவிய கைகளுக்கு உரியதாக்கிய தலைப்பு அது. அந்த ஒரு சொல்லுக்காகவே புண்ணியவான் ஐயாவை வணங்கத் தோன்றியது.

ஆங்கில நாவல்களில் எண்ணிக்கையாக நின்றவர்கள் இங்கே பெயர் பெறுகிறார்கள். கங்காணியும் கிராணியும் வருகிறார்கள். பசியில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்ற மக்கள் தங்கள் பேச்சுமொழியிலேயே பேசுகிறார்கள். எந்த உலகப் பரிசாலும் இதை ஈடு செய்ய முடியாது.

ஆயினும் மனந்திறந்து எழுதுவதாகச் சொல்லிவிட்டு, நம்மவர் என்பதற்காகக் குறைகளை மறைக்கக் கூடாது அல்லவா? நம் வரலாற்று நாவல்களில் சில இடங்களில் செய்தி கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது. கதை சொல்லிக்கொண்டிருப்பவர் திடீரென்று பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார். ஆசிரியர்களாகிய நம் எல்லாரிடமும் உள்ள பழக்கம்தானே இது! ஜப்பானியன் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கப்பட்ட கொடியவனாகவே நின்றுவிடுகிறான். அவன் மனத்துக்குள் நாம் நுழைவதில்லை. ஆண்கள் போனபின் தோட்டத்திலேயே தங்கிவிட்ட பெண்கள் என்ன செய்தார்கள், எதை உண்டார்கள், எத்தனை ஆண்டுகள் பொட்டை அழிக்காமல் காத்திருந்தார்கள் என்பது இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டிய கதை.

இதைவிடப் பெரிய குறை எழுதியவர்களிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. இந்த மூன்று நாவல்களில் ஒன்றையாவது படித்தவர்கள் எத்தனை பேர் என்று நம் ஆசிரியர் அறையில் கேட்டேன். எழுந்த கைகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. நானே 'சயாம் மரண ரயி'லை ஆங்கில நாவல்களுக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஏன் இப்படி ஆயிற்று?

போர்க்கைதிகளிடம் அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தனர். சிலர் உயிரைப் பணயம் வைத்து நாட்குறிப்பு எழுதி மறைத்துவைத்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் வியரி டன்லப்பின் நாட்குறிப்பு 1986இல் நூலாகவே வந்தது. போர் முடிந்ததும் அவர்களுடைய அரசாங்கங்கள் உடல்களைத் தேடி எடுத்து, கல்லறை அமைத்து, பெயர் பொறித்தன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். அவற்றையெல்லாம் அடித்தளமாகக் கொண்டுதான் பின்னாளில் நாவல்கள் எழுந்தன.

நம்மவர்களிடம் எழுதுகோல் இல்லை. எழுதத் தெரிந்தவர்களும் மிகச் சிலர். யார் போனார், யார் இறந்தார் என்று முறையான பதிவு இல்லை. இறந்தவர்களைக் காட்டிலேயே புதைத்தார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரியில் 1944இல் ஜப்பானியப் படையினரே எழுப்பிய நினைவுச் சின்னத்தில் தமிழிலும் எழுத்துகள் உண்டு. வேலை வாங்கிக் கொன்றவர்களே தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். தமிழர்களின் முயற்சியால் அங்கே நடுகல் எழும்ப 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

என் பாட்டியின் அண்ணன் ஒருவர் சயாமுக்குப் போனவர். அப்போது பாட்டிக்குப் பத்து வயது. "மூணு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் அண்ணன் போச்சு" என்பார். வேறு எதுவும் சொல்லமாட்டார். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. ஆகவே ஆண்டுதோறும் தீபாவளிக்கு முதல் நாள் படையலில், மற்ற மூத்தோருக்கு இட்டதுபோக ஓர் இலையைத் தனியே போட்டு, ஒரு வேட்டியும் துண்டும் வைப்பார். சிறுமியாக இருந்தபோது அது யாருக்கு என்று கேட்டிருக்கிறேன். அவர் எப்படிப் போனார், எந்த ஊரில் இரயில் ஏறினார், உடன் யார் போனார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கப் பாட்டி இல்லை. வாங் டியின் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வராமற்போனதற்குக் காரணம் இதுதான்.

நாம் செய்யக்கூடியது

2014 முதல் நம் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்து வரலாறு தனிப் பாடமாக இருக்கிறது. பாடநூலில் எல்லாவற்றுக்கும் இடமிருக்காது. மீதியை வீட்டிலும் நூலகத்திலும்தான் நிரப்ப வேண்டும். பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் எண்பதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், ஒரு மாலைப்பொழுது பிள்ளையை அவரருகே உட்கார வையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து யார் சயாமுக்குப் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பி வந்தாரா என்று கேட்கச் சொல்லுங்கள். விடையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, நம் பள்ளி நூலகத்தில் அந்த மூன்று தமிழ் நாவல்களும் ஆசிரியர் அலமாரியிலாவது இருக்கட்டும்.

வகுப்பில் அன்று அந்த மாணவனுக்கு மீதிப் பாதியையும் சொன்னேன். வீட்டில் கேட்டு வரும்படி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவன் தந்தையாரே தொலைபேசியில் அழைத்தார். "எங்க தாத்தா வழியில யாரோ போனதாச் சொல்வாங்க, டீச்சர். பேருதான் தெரியல. ஜொகூர்ல ஒரு பெரியம்மா இருக்காங்க, இந்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

போய்க் கேட்டாரா, பெயர் கிடைத்ததா என்று நானும் காத்திருக்கிறேன். என் பங்குக்கு, பாட்டியின் அண்ணனைப் பற்றி எனக்குத் தெரிந்த அந்தச் சில வரிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டேன். முதல் பக்கம்கூட நிரம்பவில்லை. நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.